வீட்டுக்கு ஒரு ஆள்

கணித ஆராய்ச்சி என்பது சொந்த ஊரில் இருந்துகொண்டு செய்யக்கூடாத தொழில். தையல்காரர் தைத்த சட்டையைக் காட்டலாம், ரப்பர் வெட்டுகிறவர் மரத்தில் வடித்த பாலைக் காட்டலாம். வருஷக்கணக்கில் உழைத்த கணக்கு ஆராய்ச்சியாளன் தன் வழுக்கையைத்தான் காட்ட முடியும். "இப்போ என்ன செய்யிற?" என்று யாராவது கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றுகிறவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாம் ஒரே இனம்.

தொண்ணூறுகளில் நான் பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில் கணக்கு வாத்தியார். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் படிக்கும் இடம் அது. காலையில் பாடம் நடத்திவிட்டு, மதியம் ரயிலேறி திருவனந்தபுரம் போய், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி என்ற பெயரில் தலையைச் சொறிந்துவிட்டு வருவேன். பட்டம் கிடைத்தால் ஒழுங்கான கல்லூரியில் வேலை. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் இந்த ஓலைக் கொட்டகைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி

வெள்ளறடை பஸ்ஸில் ஒருநாள் பக்கத்து சீட்டில் ரப்பர் ஷீட் வியாபாரி பாஸ்கரண்ணன் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு உற்சாகம் கொஞ்சம் கூடுதல். பேச்சை மாற்றாமல் விளக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

"ஈக்விவலன்ஸ் கிளாஸ்" என்று ஒன்று உண்டு அண்ணா என்றேன். ஏதோ ஒரு விதத்தில் ஒன்றுபோல் இருப்பவற்றை ஒரு கூட்டமாகக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தையே ஒரே பொருளாக நினைத்துக்கொள்வது. வருஷத்தில் எத்தனையோ ஞாயிறு வருகிறது. ஆனால் கடைக்கு விடுமுறை எப்போது என்று கேட்டால் "ஞாயிறு" என்று ஒற்றை வார்த்தையில் சொல்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. கண்டக்டர்கூட திரும்பி நின்று கேட்டார். பாஸ்கரண்ணன் காரக்கோணம் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் தோளைத் தட்டினார். முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

"ஞாயிறெல்லாம் ஞாயிறுதான்னு கண்டுபிடிக்கவா மக்கா இத்தனை வருசம்?"

செருப்புச் சண்டை

எங்கள் காலேஜ் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. ஊரிலேயே ஏசி போட்ட ஒரே அறை. உள்ளே போகும்முன் செருப்பைக் கழற்ற வேண்டும். கோயிலில்கூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது. அதை நடத்தியவர் ஸ்டெல்லா டீச்சர். அதியன்னூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம். அவரும் என்னைப்போலவே ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தார், அவருடையது கம்ப்யூட்டரில். அவர் வேலையிலும் "கிளாஸ்" என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் தாய்மாமனைக் கண்டதுபோல் ஓடினேன்.

ஓடிப்போய்ச் சண்டையில் முடிந்தது. எங்கள் தொழிலில் முதலில் பொருள்கள் இருக்கும், அவற்றைக் கூட்டிக்கட்டினால் கிளாஸ். அவர் தொழிலில் முதலில் கிளாஸ், அதாவது ஒரு வரைபடம். பொருள்கள் பிறகு வேண்டுமானால் அதைப் பார்த்துச் செய்துகொள்ளப்படும். ஒரு பொருளும் செய்யாமலே கிளாஸ் இருக்கலாம் என்றார் அவர். வீடே கட்டாமல் வெறும் பிளானை வைத்துக்கொண்டு குடியிருக்க முடியுமா என்றேன் நான். பிளான் இல்லாமல் கட்டின வீடு எப்படி இருக்கும் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள் என்றார். என் அப்பா கட்டட கான்ட்ராக்டர். பேச்சு இப்படி வளர்ந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது பிரின்ஸிபால் சுகுமாரன் சார் படியேறி வந்தார். ஆராய்ச்சியின் இரு பெரும் பிரிவுகளுக்கும் நடுவில் நின்று என் காலைப் பார்த்தார்.

"சண்டை போடணும்னா போடுங்க, செருப்ப வெளிய போட்டுட்டுப் போடுங்க. மெஷினுக்குத் தூசி ஆவாதாக்கும்."

யார் சொந்தம்

பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துவது தனி அவஸ்தை. ஒன்றுபோல் இருப்பவற்றைக் கூட்டமாகக் கட்ட ஒரு நிபந்தனை உண்டு. முதல் ஆளும் இரண்டாவது ஆளும் ஒன்று, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று என்றால், முதலும் மூன்றாவதும் ஒன்றாக இருந்தாக வேண்டும். வீட்டிலிருந்து உதாரணம் சொல்லுங்கள் என்றேன். வில்சன் என்ற பையன் எழுந்து "சொந்தம்" என்றான். நல்ல உதாரணம், ஆனால் தப்பு என்று சொல்லி விளக்கினேன். உன் அப்பாவின் அண்ணன் உனக்குச் சொந்தம், உன் அம்மாவின் தங்கை உனக்குச் சொந்தம், அதற்காக அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொந்தம் ஆகிவிடுவார்களா என்று கேட்டேன். ஆகவே சொந்தம் என்பதை வைத்துக் கூட்டம் கட்ட முடியாது என்று போர்டில் எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

மறுநாள் காலை வில்சனின் அம்மா கொட்டகை வாசலில் நின்றார். அவருடைய தங்கை வீட்டில் அடுத்த வாரம் பால்காய்ச்சு, புதுவீட்டில் குடியேறும் விசேஷம். தங்கை வீடு நமக்குச் சொந்தமே இல்லை என்று கணக்கில் நிரூபித்திருக்கிறார்கள், அதனால் வரமாட்டேன் என்று வில்சனின் அப்பா சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷம் அவர் தேடிக்கொண்டிருந்த காரணத்தை நான் சாக்பீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"சாரு கணக்கப் பாத்துக்கிடுங்க. யாரு சொந்தம், யாரு இல்லன்னு நாங்க பாத்துக்கிடுதோம்."

அப்பா போன கல்யாணம்

ஒருவழியாக ஆராய்ச்சி முடிந்தது. அதன் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். புள்ளியும் கோடுமாக வரையும் படங்களை நான் கூட்டம் கூட்டமாகக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிரதிநிதியாக ஒரு படத்தை எடுத்து, அதை வைத்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணை முழுக் கூட்டத்துக்கும் சூட்டியிருந்தேன். ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர், என் கைடு, பார்த்துவிட்டு டைப் செய்யக் கொடு என்றார். ஆராய்ச்சியை முடித்துக் கொடுக்க வேண்டிய பதிவுக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஸ்டெல்லா டீச்சர், சண்டையை மறந்து, தானே கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாக வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அண்ணனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் விளிக்க, அதாவது அழைக்க, வருகிறவர்கள் எல்லாரையும்தான் விளிப்பார்கள். போவது என்னவோ வீட்டுக்கு ஒரு ஆள். எங்கள் வீட்டின் ஆள் எப்போதும் சித்தப்பா. வெள்ளை வேட்டி, நல்ல சிரிப்பு. சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் கொள்ளாம் கொள்ளாம், ரொம்ப நன்றாக இருக்கிறது என்பார். அவர் ஒருவரால் எங்கள் வீட்டுக்கே நல்ல பெயர். அன்றைக்குப் பார்த்து அவருக்கு வயிறு சரியில்லை. எனக்குப் பல்கலைக்கழகத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அப்பா போனார்.

அப்பாவுக்குச் சட்டைப்பையில் எப்போதும், சரிவு பார்க்கிற ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். காலண்டரில் இருந்து பக்கத்து வீட்டு மதில் வரைக்கும் உலகத்தில் எல்லாமே அவருக்குச் சரிந்துதான் தெரியும். சர்ச் வளாகத்தில் போட்டிருந்த பந்தல் தெற்கே சாய்கிறது என்று கண்டுபிடித்து, பந்தியில் இருந்தே உரக்க அறிவித்திருக்கிறார். பாஸ்டர் ஜெபத்தை நடுவில் நிறுத்தினார். பாதிச் சனம் இலையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடியது. பந்தல் என்னவோ மறுநாள் ஆட்கள் வந்து பிரிக்கும்வரை அசையாமல் நின்றது. மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லா டீச்சரின் அப்பாவை பாறசாலை சந்தையில் பார்த்தபோது எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. அவர் கோபப்படவே இல்லை.

"இருக்கட்டும் மக்கா. அடுத்த கல்யாணத்துக்கு ஒங்க சித்தப்பாவுக்கு வயறு நல்லா இருக்கணும்னு நாங்க ஜெபிச்சுக்கிடுதோம்."

மாடியில் கேட்ட கேள்வி

திங்கட்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். ஸ்டெல்லா டீச்சர் என் மூன்றாம் அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவை வைத்து எங்கள் வீட்டை எடைபோடாதீர்கள் டீச்சர், சித்தப்பா வந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்றேன். அவர் தட்டுவதை நிறுத்தினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, கூட்டத்துக்கு ஒரு படம் எடுக்கிறீர்களே, அது எந்தப் படம் என்று கேட்டார். எது வேண்டுமானாலும்தான், எதை எடுத்தாலும் விடை ஒன்றுதான் என்றேன். அவர் விடவில்லை. அவர் தொழிலில் ஒரு கிளாஸில் உள்ள எதைக் கூப்பிட்டாலும் சொன்ன வேலையைச் செய்ய வேண்டுமாம். ஒன்றை மட்டும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்களாம்.

நான் தாள்களைப் புரட்டினேன். ஒவ்வொரு கூட்டத்திலும், வரைவதற்கு லேசாக, பார்க்க அழகாக இருந்த படத்தையே எடுத்திருந்தேன். எல்லாம் சித்தப்பாக்கள். எதை எடுத்தாலும் விடை மாறாது என்று ஓர் இடத்திலும் நிரூபிக்கவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பி, கைடையும் நம்பவைத்திருந்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து, அதே கூட்டத்திலிருந்து கோணலான ஒரு படத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். வேறு எண் வந்தது. ஏசி அறையில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. வேலை, பட்டம், போன வருஷங்கள் எல்லாம் ரயிலேறிப் போவதுபோல் இருந்தது. உண்மையிலேயே பயந்துவிட்டேன். ஸ்டெல்லா டீச்சர் கேலி செய்யவில்லை, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"சாரே, இதுல எல்லா வீட்டுலயும் சித்தப்பாவ மட்டுந்தானே விளிச்சிருக்கு. அப்பா வந்தா என்ன செய்வீங்க?"

கைடின் ஆசை

மறுநாளே கைடிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கோணல் படத்தைத் தானே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தார். பிறகு அலைந்து, கையெழுத்துப் போட்டு, பதிவுக்காலத்தைக் கொஞ்சம் நீட்டி வாங்கித் தந்தார். அந்த மழைக்காலம் முழுக்க ரயிலிலும் கொட்டகையிலும் கோணல் படங்களாகத் தேடித்தேடி வரைந்தேன். என் தேற்றம் எல்லாக் கூட்டங்களுக்கும் பொருந்தாது. கூடுதலாக ஒரு நிபந்தனை போட்டு, அதற்கு உட்படும் கூட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டால் பொருந்தும், அங்கே எந்தப் படத்தை எடுத்தாலும் விடை மாறாது. நிரூபணத்தோடு போய் நின்றபோது கைடு வரிவரியாகப் படித்தார். இந்தத் தப்பு எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்டார். பந்தல் கதையைச் சொன்னேன். நெய்யாற்றின்கரைக்காரர், எங்கள் ஊர்க் கல்யாணங்கள் தெரிந்தவர். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னார்.

"அச்சனெ எனிக்கொந்நு காணணமல்லோ."

வீட்டின் சார்பில்

பட்டத்துக்கான கடைசிக் கட்டம் வாய்மொழித் தேர்வு. வெளியூர்ப் பேராசிரியர் வந்து எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வீட்டிலிருந்து யார் வருவது என்று பேச்சு வந்தது. சித்தப்பா வேட்டியைத் துவைத்துத் தயாராக வைத்திருந்தார். கைடு பார்க்க ஆசைப்பட்டவர் அப்பா ஆயிற்றே என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்பா கடைசி வரிசையில் ஸ்டெல்லா டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பை கனத்துத் தொங்கியது.

வெளியூர்ப் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: கூட்டத்தில் வேறொரு படத்தை எடுத்தால் விடை மாறாதா? பழைய மூன்றாம் அத்தியாயத்தோடு அங்கே நின்றிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். போர்டு நிறைய எழுதிக் காட்டினேன். அவர் தலையாட்டினார். பிறகு தேர்வுக் குழுவின் தலைவர், சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார். இந்த மாதிரிக் கேள்விக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. அப்பா எழுந்தார். கையில் ரசமட்டம்.

ஸ்டெல்லா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபமாகக்கூட இருக்கலாம். அப்பா ஒரு கண்ணைச் சுருக்கி என் கணக்கு முழுவதையும் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். அதில் ஓர் எழுத்துகூட அவருக்குப் புரியாது.

"கேள்வி ஒண்ணும் இல்ல சாரே. போர்டு எடப்பக்கமாச் சாஞ்சிருக்கு. எனக்க மவன் எழுதினது நேராத்தான் இருக்கு."

கூட்டத்தில் யாரை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நிரூபித்து டாக்டர் பட்டம் வாங்கியவன் வீட்டில், கல்யாண விளி வந்தால் யாரை அனுப்புவது என்று இன்றைக்கும் ராத்திரிச் சோறு ஆறுகிறவரை விவாதம் நடக்கிறது.