எரியற நாக்கும் இருபத்தேழு நல்ல பல்லும்

பல் ஆஸ்பத்திரில அசிஸ்டெண்டா இருக்கறவங்களுக்குத் தெரியுமுங்க, வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே "புடுங்கிருங்க"ன்னு சொல்றவங்கதான் பாதிப்பேரு. உள்ள ரூட் கெனால் ஓடுது, டாக்டரம்மா கூப்பிடறதுக்குள்ள இதச் சொல்லியே ஆகணும்!

எல்லாத்தையும்

முத்துலட்சுமி அக்கா தூத்துக்குடிப் பக்கம். இங்க மண்ணரைல பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லரு. எட்டு மாசமா நாக்கு எரிச்சல். காலைல லேசா ஆரம்பிச்சு, சாயங்காலம் கொதிக்கற டீய ஊத்துனாப்பல ஆயிருமாம். பாத்தா புண்ணே இல்ல! ஏற்கெனவே எங்கயோ ஒரு பல்லப் புடுங்கிப் பாத்தும் எரிச்சல் போகல. மிச்சம் இருபத்தேழு, ஒண்ணுல கூட சொத்தை இல்லீங்க. அக்கா சேர்ல சாஞ்சு சொன்னாங்க: "இருக்க எல்லாத்தையும் புடுங்கிருங்க டாக்டரம்மா, நெருப்பு எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாத்துருவோம்."

கலர் நூலு

டாக்டரம்மா முடியாதுன்னுட்டாங்க. நான் பேச்சுக் குடுத்தப்பதான் தெரிஞ்சுது, அக்கா நூலப் பல்லுலதான் கடிச்சு அறுப்பாங்க. அந்த லைன்ல அத்தன பேரும் அப்படித்தானாம். நூலோட சாயந்தான் எரிக்குது, கண்டுபுடிச்சுட்டேன்னு உள்ள ஓடுனேன். பாத்தா அக்கா அத எனக்கு முன்னாடியே கண்டுபுடிச்சு, சூப்பர்வைசர்கிட்டக் கெஞ்சி வெள்ள பனியன் லைனுக்கே மாறிட்டாங்க. ஒரு மாசமாச்சு. "வெள்ள நூலும் அதே காந்தல்தான் கண்ணு."

ரிப்போர்ட்டு நார்மல்

அடுத்து ரத்த டெஸ்டு: சுகரு, இரும்புச்சத்து, தைராய்டு, பி-ட்வெல்வ். வாய்ல பூஞ்சை இருக்கான்னும் பாத்தாச்சு. காரமான பேஸ்ட்ட மாத்தியாச்சு. எல்லாம் நார்மல்! நான் கை தட்டாத குறை. அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "அப்ப நான் பொய் சொல்லுதேனா? ஊட்டுக்காரரும் அதத்தான் சொல்லுதாரு."

டாக்டரம்மா பக்கத்துல உக்காந்து, "எரிச்சல் நெசம்தானுங்க அக்கா. இதுக்கு 'எரியற வாய் நோவு'ன்னு பேரே இருக்குது. புண்ணு இல்லாமயே நரம்பு தப்பா சேதி அனுப்புது. மிசின் நல்லாத்தான் இருக்குது, வயரிங்லதான் கோளாறு"ன்னாங்க. அக்கா மூக்க உறிஞ்சிக்கிட்டு யோசிச்சாங்க. "அப்ப மெக்கானிக்க அனுப்பிட்டு எலக்ட்ரீசியனக் கூப்பிடணுங்கீங்க."

துப்பற மாத்திரை

வைத்தியம் ஒண்ணு ரெண்டில்லீங்க! நரம்பு மாத்திரை இருக்குது, மனசு தளராம இருக்கக் கவுன்சிலிங் இருக்குது, மிளகா காரத்தையே மருந்தாக்கிக் கொப்புளிக்கறதும் இருக்குதாம். மிளகாங்கவும் அக்கா என்னைய மொறச்சாங்க. டாக்டரம்மா நரம்பு டாக்டர்கிட்டயும் கலந்து பேசி, வாய்லயே கொஞ்சநேரம் வெச்சிருந்து துப்பிடற மாத்திரை எழுதுனாங்க.

இங்கதான் நான் சொதப்புனேன். "துப்பிருங்க்கா"ன்னு சொன்னேன், ஏன்னு சொல்லல. அடுத்த பேஷண்ட்டு கூப்பிட ஓடிட்டேன். டாக்டர் குடுத்த மருந்த யாராச்சும் துப்புவாங்களான்னு அக்கா முழுங்கிட்டாங்க. முழுங்குனா தூக்கம் வருமுங்க! நல்லவேளை, மிசின்ல விரலுக்கு ஒண்ணும் ஆகல. அக்கா அரைத்தூக்கத்துல தெச்சத எண்ணிப் பாத்துட்டு சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணுனாரு. "ஏனுங், நாப்பது பனியன்ல கழுத்துல கை இருக்குதுங், இதப் போடறதுக்கு ஆளு நீங்க அனுப்புவீங்ளா?"

பாதி

டாக்டரம்மா என்னைய நல்லாத் திட்டுனாங்க. அக்காவ வரச்சொல்லி, கண்ணாடி முன்னாடி நிறுத்தி, மாத்திரைய வெக்கறது, துப்பறது எல்லாம் செஞ்சே காட்டுனேன். "முழுசாப் போகும்னு சத்தியம் பண்ண மாட்டேன், கொறைக்கலாம்"னு டாக்டரம்மாவும் தெளிவாச் சொல்லிட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு இன்னிக்குக் காலைல அக்கா வந்தாங்க! கழுத்துல கயித்துல கட்டுன நூல் வெட்டற கட்டர் தொங்குது, வாய்ல இருபத்தேழும் பத்திரமா இருக்குது. புடுங்கறதப் பத்திப் பேச்சே இல்ல. எப்படி இருக்குதுங்க்கான்னேன். "பாதி எரியுது, பாதி சும்மா கெடக்கு, அந்தச் சும்மா கெடக்க பாதிக்குத்தான் நேத்து மீன் கொழம்பு ஊத்துனேன்."

பல்லப் புடுங்கறதுக்கு ஒரு நிமிசம் போதுமுங்க, புடுங்காம ஊட்டுக்கு அனுப்பத்தான் ரெண்டு டாக்டரு, ஒரு டெய்லரு, கழுத்துல கை வெச்ச நாப்பது பனியனு எல்லாம் வேண்டியிருக்குது.