வலப்பக்கம் திரும்பாத மகள்

முத்துப்பாண்டிக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டும் சோலி. ராத்தங்கலும் அங்கேயே. ஞாயிற்றுக்கிழமைதான் போடிக்கு இறங்க முடியும். கல்யாணமாகி வெகுகாலம் ஏங்கிப் பெற்ற மகளை வாரத்துக்கு ஒருநாள்தான் பார்க்கக் கிடைத்தது.

அந்த ஒருநாளும் பிள்ளை அவன் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு வலப்பக்கம் படுத்துக்கொண்டு, "அப்பா வந்துருக்கேன்த்தா" என்று எவ்வளவு கூப்பிட்டாலும் முகம் இடப்பக்கமே, தாயிடமே கிடந்தது.

"வாரத்துக்கு ஒருக்கா வந்தா எப்பிடி அடையாளம் தெரியும், மாப்ளே?" என்றான் மைத்துனன் சுருளிவேல், விளையாட்டாகத்தான். முத்துப்பாண்டிக்குச் சுருக்கென்றது. மலையேறும்போது வளைவுக்கு வளைவு அதே நினைப்பு.

மனைவி தமிழினி வேறொன்றைக் கவனித்திருந்தாள். பிள்ளை ஒரு பக்கம்தான் நன்றாகப் பால் குடித்தது, மாற்றினால் அழுதது. தலை எப்போதும் வலத்தோளை நோக்கிச் சாய்ந்திருந்தது. குளிப்பாட்டும்போது கழுத்தின் வலப்புறம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. சுளுக்குத்தான், ஊரில் எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார்கள் என்றான் சுருளிவேல். "யாரும் கழுத்துல கை வைக்க வேணாம். வெரசா ஆஸ்பத்திரிக்குப் போவோங்க," என்றாள் அவள்.

டாக்டர் கழுத்தையும், கூடவே இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்றும் சோதித்துவிட்டு, தசைப் பயிற்சி தரும் ஷெர்லினிடம் அனுப்பினார்.

"கழுத்துத் தசை இறுகியிருக்கு. சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே இருக்கும். உங்க தப்பு எதுவும் இல்ல. வலப்பக்கம் திரும்பத்தான் இவளால முடியல," என்றார் ஷெர்லின்.

"அப்ப என்னையப் பிடிக்காம இல்லையா?"

"ஆசை இருந்தாலும் கழுத்து விடலையேண்ணே."

முத்துப்பாண்டி சற்றுநேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தான்.

ஷெர்லின் காட்டிக்கொடுத்தபடி தமிழினி தினமும் கழுத்தை மெல்லத் திருப்பிப் பிடித்தாள். பிள்ளை முரண்டினால் விட்டுவிட்டாள். விழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து குப்புறப் போட்டாள். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்க. கிலுகிலுப்பை ஆட்டுவது வலப்பக்கமிருந்து. முத்துப்பாண்டி சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஜீப்பை ஓரங்கட்டி வீடியோவில் கூப்பிடுவான். வீட்டில் போனும் பிள்ளைக்கு வலப்பக்கமே இருக்கும். பல வாரம் திரையில் அவன் கண்டது ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியும்தான்.

ஒரு மதியம் அந்தக் காது அசைந்தது. கன்னம் வந்தது. ஒரு கண் வந்தது. அதற்குமேல் முடியாமல் முகம் பழையபடி போய்விட்டது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றான் அவன்.

பிள்ளை உட்காரும் வயதில் கட்டி கரைந்திருந்தது. கழுத்து இருபக்கமும் நன்றாகத் திரும்பியது. அந்த ஞாயிறு அவன் வாசலில் நுழைந்ததும் சட்டென்று திரும்பி நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி அழுதாள்.

"இந்த வயசுல புது ஆளக் கண்டா அழத்தாங்க செய்வா," என்றாள் தமிழினி.

அவன் தூக்கப் போகவில்லை. தள்ளி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை அடங்கியது. மதியம் சாய்ந்தபின் மடிக்கு வந்து, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். அவனை மலைக்குத் திரும்ப ஏற்றிப்போக வந்த ஜீப் தெருமுனையில் ஹாரன் அடித்தது.