தற்போதைய நிலை: பயன்பாட்டில் உள்ளது

என் பெரியப்பா முப்பத்தொரு வருடம் நாளிதழ் ஒன்றில் இரவு ஷிப்டில் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் பகலில்தான் தூங்குவார். அதற்கு அவருக்குப் பெரியம்மாவின் போர்வை வேண்டும். பழைய சட்டைகள், திரைச்சீலை, என் பள்ளிச் சீருடை என்று கண்டதையும் ஒட்டுப்போட்டுத் தைத்த கனத்த போர்வை. முகம்வரை இழுத்துக்கொண்டால் நண்பகலும் அவருக்கு நடுநிசி.

அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அருங்காட்சியகக் காப்பாட்சியர் வந்தார். வட்டாரத்து ஒட்டுப்போர்வைகளைத் திரட்டிக் காட்சிக்கு வைக்கிறாராம். தையலைத் தடவிப் பார்த்து, "இந்த ஓட்டம் வேற யாருக்கும் வராதும்மா" என்றார். அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. பெரியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் நீட்டிய பதிவேட்டில் விவரங்களை எழுதி, போர்வையை மடித்துக் கொடுத்துவிட்டார்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த பெரியப்பா வெறுங்கட்டிலைப் பார்த்தார்.

"ஏண்டி, என் தூக்கத்த யாருக்குத் தூக்கிக் குடுத்த?"

"என் பேரப் போட்டு வைக்கப்போறாங்க. நீங்க வேற எதையாவது போத்திக்குங்க."

எட்டு நாள் வேறு போர்வைகளோடு மல்லுக்கட்டினார். ஒருநாள் செருப்பை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுச் சாவியைத் தேடினார். ஒன்பதாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனார்.

"திருப்பித் தர விதியில்ல சார்" என்றார் காப்பாட்சியர். "எந்த நிலையில வந்துச்சோ, அதே நிலையில காப்பாத்தணும்." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

பெரியப்பா விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். 'தற்போதைய நிலை' என்ற கட்டத்தில் பெரியம்மாவின் முத்து முத்தான எழுத்து: பயன்பாட்டில் உள்ளது.

"அதே நிலையிலயா காப்பாத்துறீங்க? இப்ப யார் பயன்படுத்துறா?"

காப்பாட்சியர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மேலதிகாரிக்குப் போன் போட்டார். பதிவேட்டில் அடித்துத் திருத்தலாமா என்றால், திருத்தக் கூடாதென்று அதற்கும் ஒரு விதி இருந்தது.

மறுவாரம் காட்சி மண்டபத்துக்கு ஒரு கட்டில் வந்தது. சுற்றிலும் கயிறு கட்டினார்கள். தினமும் பதினொன்றிலிருந்து நான்குவரை பெரியப்பா உள்ளே படுத்துப் போர்வையைப் பயன்படுத்தினார்.

"மெழுகு பொம்மையா?" என்று கேட்டார் ஒரு பார்வையாளர்.

"மெழுகு எங்கயாவது குறட்டை விடுமா?" என்றாள் அவர் மனைவி.

பெரியம்மாவும் பார்க்க வந்தார். பலகையில் தன் பெயரை இரண்டு முறை படித்தார். பிறகுதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதம் கண்ணில் பட்டது. கை தானாகப் போய்ப் போர்வையின் ஓரத்தை இழுத்தது.

"தொடாதீங்கம்மா!" காவலாளி ஓடி வந்தார்.

"எத? போர்வையவா, இந்த மனுஷனையா?"

காவலாளி பலகையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "ரெண்டையும்தாம்மா."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "சத்தம் போடாம பாருங்க."