காருக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

போன வருடம் லண்டனில் என் கணவரின் பெறாமகளுக்குக் கலியாணம். மெல்பேர்னில் இருந்து நான், கணவர், அவருடைய அம்மாவான மாமி மூவரும் போயிருந்தோம். கணவருக்கு லீவு முடிந்துவிட, அவர் நேரே வீடு திரும்பினார். நானும் மாமியும் வரும் வழியில் துருக்கியில் சில நாட்கள் தங்கினோம். தல்யான் என்ற சின்ன ஆற்றங்கரை ஊர் அது.

மாமியைச் சம்மதிக்க வைத்ததே பெரும் பாடு. மெல்பேர்னில் நாங்கள் இருக்கும் ட்ருகனினாவில் எங்களோடு வந்து சேர்ந்த நாளில் இருந்து அவர் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான், கேரம் டவுன்ஸ் கோயில். யார் வீட்டுக்கு அழைத்தாலும், "ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது பிள்ளை" என்று மறுத்துவிடுவார். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, யார் யாரோ வீட்டு விறாந்தைகளில் ஒதுங்கி இருந்தவர். இந்தப் பயணம் நல்லபடி அமைந்தால் மனிசி இனியாவது நாலு இடத்துக்கு வருவார் என்று ஆசைப்பட்டேன்.

ஒரு அம்மா தன் வீட்டோடு சேர்த்து நடத்திய சிறிய விடுதியில் தங்கினோம். முதல் நாள் காலை, ஆற்றைப் பார்த்த மிக நல்ல மேசையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார். அக்கரையில் செங்குத்தான மலை. அதில் தூண்களும் வாசலுமாகக் குடைந்த பழைய கட்டடங்கள்.

"அதென்ன பிள்ளை, கோயிலோ?" என்றார் மாமி.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இல்லை மாமி, அந்தக் காலத்துப் பெரிய ஆக்களின்ரை சமாதியள்" என்றேன்.

"சுடலைக்கு முன்னால இருத்தியோ எனக்குச் சாப்பாடு தாறியள்?"

கதிரையைத் தூக்கித் திருப்பிப் போட்டுவிட்டார். உலகமெல்லாம் பணம் கட்டி வந்து பார்க்கும் காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாணும் ஒலிவ் காயும் சாப்பிட்டார். விடுதிக்கார அம்மாவின் முகம் சற்று வாடியதைக் கண்டேன்.

ஆனால் படகில் ஏறியதும் மாமி வேறு ஆள். நாணல் காட்டுக்குள் ஆறு வளைந்து வளைந்து போகிறது. கடலும் ஆறும் சேரும் மணல் திட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆமை தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. மாமி கூர்மாவதாரத்தை நேரில் கண்டதுபோல் கும்பிட்டார். அந்த ஊரில் பேர்போன சேற்றுக் குளியலுக்கு இறங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். உடுப்போடு இறங்கி, முகமெல்லாம் சேறு பூசிக்கொண்டு, "நீ இப்பதான் பிள்ளை வடிவாய் இருக்கிறாய்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமி அப்படிச் சிரித்து நான் கண்டதேயில்லை.

திரும்பும்போது படகு அந்தச் சமாதிகளின் அடியால் வந்தது. வினை அங்கேதான். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் போகமாட்டோம். மாமி விடுதியின் தோட்டத்துக் குழாயைத் திறந்து, அங்கேயே தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டார். அந்த அம்மா துவாயோடு பதறி ஓடி வந்தார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், 'உங்கள் வீட்டுக் காட்சி எங்களுக்குத் தீட்டு' என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகும் படகில் போய் வந்தபோதெல்லாம் இதே கூத்துத்தான். எனக்கு மானம் போனது.

புறப்படும் நாள் அந்த அம்மா எங்களைக் கட்டியணைத்து வழியனுப்பினார். கார் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, நாங்கள் போகும் தெருவில் முழுவதையும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மாமியும் பார்த்துவிட்டார். "சவம் போன பிறகு வீடு கழுவிற மாதிரிக் கழுவி விடுறா, கண்டியோ?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இனி என்னை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகாதை" என்றார். தோட்டத்தில் நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கு இது நியாயமான தண்டனை என்றே பட்டது.

விமான நிலையம் நெருங்கியபோது, "மாமி, பாஸ்போட்டுப் பை?" என்று கேட்டேன். மாமி நெஞ்சில் கையை வைத்தார். எந்த நேரமும் எழும்பி ஓட வேண்டி வரலாம் என்று, முக்கியமான பத்திரங்களைத் தலையணை உறைக்குள் வைத்துப் படுப்பது அவருடைய அந்தக் காலத்துப் பழக்கம். எங்கள் இரண்டு பாஸ்போட்டும் அங்கேதான் இருந்தன.

சாரதி காரைத் திருப்பினார். "கழுவி விட்ட வாசலுக்கு நான் திரும்பிப் போறதோ? நீ போய் எடு. நான் இறங்கமாட்டன்" என்றார் மாமி.

வாசலில் அந்த அம்மா தலையணை உறையைக் கையில் பிடித்தபடி நின்றார். எங்களைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சொன்னதைக் கேட்டுச் சாரதியும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒருவாறு ஆங்கிலத்தில் விளக்கினார். ஊருக்குப் போகிறவர்களின் பின்னால் தண்ணீர் ஊற்றுவது அவர்களுடைய வழக்கமாம். தண்ணீரைப்போல் தடங்கலில்லாமல் போய், தண்ணீரைப்போல் திரும்பி வாருங்கள் என்று அர்த்தமாம். ஊற்றிய தண்ணீர் இவ்வளவு கெதியாக வேலை செய்தது இதுதான் முதல் தடவையாம்.

மாமிக்குத் தமிழில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்களைத் திரும்பி வரச் சொல்லியோ ஊத்தினவ?"

"ஓம் மாமி."

"வடிவாய்க் கேட்டனியோ?"

"ஓம்."

மாமி காரை விட்டு இறங்கிப் போய் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்கத் தமிழில் நெடுநேரம் ஏதோ சொன்னார். அவரும் துருக்கி மொழியில் பதில் சொன்னார். மறுபடியும் குடத்தை எடுக்க அவர் போனபோது, மாமி என்னிடம், "இந்த முறை கொஞ்சமாய் ஊத்தச் சொல்லு பிள்ளை, பிளேன் போயிடும்" என்றார். ஓட்டமும் நடையுமாகப் போய் விமானத்தைப் பிடித்தோம்.

இப்போது மாமி கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் வருகிறார். காலையில் நான் வேலைக்குப் புறப்பட்டால் ஒரு செம்புத் தண்ணீரை என் காருக்குப் பின்னால் ஊற்றுகிறார். ஒருநாள், "அவையின்ரை வழக்கம் உங்களுக்கு ஏன் மாமி?" என்று சீண்டினேன்.

"ஊரைவிட்டு வெளிக்கிடேக்கை எனக்குப் பின்னால நிண்டு ஊத்த ஒருத்தரும் இருக்கேல்லை பிள்ளை" என்றார்.

அன்றைக்குப் பிறகு, கார்க் கண்ணாடியில் அந்த ஈரத்தையும் வெறுஞ்செம்போடு நிற்கும் மாமியையும் காணும்போதெல்லாம், திரும்பி வா என்று சொல்ல ஒருவர் இருக்கிற வாழ்க்கை எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று நினைத்துக்கொள்கிறேன்.