பற்றரி இல்லாத ரேடியோவுக்கு யோகராணி சொன்ன சாட்சி

யோகராணி யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவர். நியூசிலாந்துக்கு வந்து ஆக்லாந்து நகர மையத்தில் அலுவலகம் துடைத்தார். 1996இல் அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். காரணம் இது: யாழ்ப்பாணத்தில் பற்றரிக்கு, அதாவது மின்கலத்துக்கு, அரசு தடை என்கிறார், அந்தத் தடைக்காலத்திலேயே ரேடியோவில் செய்தி கேட்டதாகவும் சொல்கிறார். ஆகவே பொய்.

மேன்முறையீடு ஒன்றுதான் மிச்சம். தோற்றால் விமானம்.

லின்ஃபீல்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கடிதங்களை எழுதிக்கொடுக்கும் ஏரம்பமூர்த்தி வழி சொன்னார்.

"ரேடியோக் கதையை விடுங்கோ ரீச்சர். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதெண்டு சொல்லுவம்."

"பொய்க்காரி எண்டு எழுதிப்போட்டாங்கள். அதுக்காக இனிப் பொய் சொல்லச் சொல்லுறியளோ அண்ணை?"

பக்கத்துப் பிளாக்ஹவுஸ் பேயில் யாரோ கழித்துவிட்ட சைக்கிள் ஒன்றை யோகராணி வாங்கினார். டைனமோ பூட்டினார். விசாரணையன்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர மையம் வரை அதிலேயே போனார்.

மொழிபெயர்ப்பாளர் ரவிசங்கர், மதுரைக்காரர், வாசலில் திகைத்தார்.

"என்னம்மா, சைக்கிளோட வந்திருக்கீங்க?"

"சாட்சியை வெளியில விட்டுட்டு வரேலாது தம்பி."

உள்ளே அதிகாரி அம்மையார் முதலில் கேட்டது: உங்கள் நாட்டில் தேர்தல் நடக்கிறதே, மக்களாட்சிதானே?

"ஓம். வாக்கு வாங்கிப் போனவைதான் மாசாமாசம் கையை உயர்த்தி அவசரகாலச் சட்டத்தை நீட்டுகினம். ஆயுதம் தூக்கின பெடியளைப் பிடிக்கேலாது. அதால ஊருக்கே பற்றரி இல்லை, மெழுகுதிரி இல்லை, பெற்றோல் இல்லை. எல்லாம் சட்டப்படிதான்."

பிறகு சைக்கிளைக் கம்பளத்தில் தலைகீழாகக் கவிழ்த்தார். டைனமோவின் வயரை ஒரு டயோட் வழியாக, பையில் கொண்டுவந்த பற்றரி இல்லாத ரேடியோவில் கொழுவினார். பெடலைக் கையால் சுற்றினார். ரேடியோ கரகரத்தது. குதிரைப் பந்தய வர்ணனை அறை முழுக்க ஓடியது. சுற்றுவதை நிறுத்தினார், குதிரைகளும் நின்றன.

"போதும், புரிஞ்சிருச்சுங்கிறாங்க," என்றார் ரவிசங்கர்.

"போதாது. திரும்பச் சுத்துறன், கேக்கச் சொல்லும். எங்கட தமக்கையின்ர ஒழுங்கையில குண்டு விழுந்த அண்டைக்கும் இப்பிடித்தான் சுத்தினனாங்கள். பொதுசனத்துக்குச் சேதமில்லை எண்டு கொழும்பு ரேடியோ சொன்னது. தமக்கை வீட்டு முத்தத்தில செத்துக் கிடந்தவ. பொய் சொன்னது ஆரெண்டு கேளும்."

ரவிசங்கர் தயங்கினார். "கொஞ்சம் பதமா சொல்லட்டுமா?"

"பதமாக்காதையும். நான் சொன்னபடி சொல்லும்."

அவர் அப்படியே சொன்னார். அம்மையார் நெடுநேரம் எழுதினார்.

ஏழாம் வாரம் கடிதம் வந்தது. வாக்குமூலம் நம்பத்தக்கது, தங்கலாம். ஏரம்பமூர்த்தி தன் வீட்டில் கேசரி கிண்டச் சொல்லிவிட்டு வந்தார். யோகராணி கடிதத்தின் நாலாம் பக்கத்திலேயே நின்றார்.

"உள்நாட்டுக் குழப்பம் எண்டு போட்டிருக்கிறாங்கள் அண்ணை. போர் எண்டு திருத்தித் தரச்சொல்லி எழுதப்போறன்."

"ஐயோ ரீச்சர், விசா கிடைச்சிட்டுது. பேசாமல் இருங்கோ."

"கிடைச்சபடியாத்தான் எழுதுறன். இனி ஆர் என்னைத் திருப்பி அனுப்பிறது? பேனையைத் தாங்கோ."