தண்ணீர் துப்பாத மோட்டார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பைபர் படகின் பின்னால் மாட்டுகிற மோட்டாருக்குப் பெண்கள் நாங்கள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. என் வீட்டுக்காரர் அதைக் கவனிக்கிற கவனிப்பு அப்படி. கடலுக்குப் போய் வந்ததும் கழற்றித் தோளில் சுமந்து வருவார். நீல டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் அடிப்பாகத்தை அதில் இறக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். உள்ளே போன உப்பு கழுவிப்போக வேண்டுமாம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பது நான், குளிப்பது மாப்பிள்ளை. பிறகு துடைத்து, எண்ணெய் தடவி, வீட்டுக்குள் ஒரு கட்டையில் மாட்டி என் பழைய சேலையால் போர்த்துவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்படிப் போர்த்திவிட்டதாக ஞாபகம் இல்லை. மறந்திருக்கலாம்.

ஒரு வருஷம் காற்றுக்காலம் முடிந்து, கடல் அடங்கிய முதல் நாள் பெண்கள் நாங்கள் அவர் படகில் கடல்பாசி எடுக்கப் போனோம். அன்று சாயங்காலம்தான் என் நாத்தனார் மகளைப் பெண் பார்க்கச் சாயல்குடிப் பக்கமிருந்து வருவதாக இருந்தார்கள். நாத்தனாருக்குப் புருஷன் இல்லை, அண்ணன்தான் எல்லாம். வீட்டில் இரு என்று நான் சொல்லியும் அவள் கேட்கவில்லை. மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு படகில் ஏறிவிட்டாள்.

மோட்டார் ஓடும்போது அதன் வலது பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். கடல் தண்ணீரை உறிஞ்சி, உள்சூட்டை ஆற்றி, வெளியே விடுகிற தண்ணீர் அது. மோட்டார் தண்ணீர் துப்புகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பெண்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள், அதை நான் எழுத மாட்டேன். அன்று காலையில் அது நூல் மாதிரிதான் வந்தது. அவர் முகம் சுளித்தார், ஆனாலும் போய்ச் சேர்ந்தோம். பாசி மூட்டைகளோடு திரும்பும்போது அந்த நூலும் நின்றது. உடனே மோட்டாரை அணைத்துவிட்டார்.

"ஓடத்தானண்ணே செய்யுது. ஓட்டு" என்றாள் நாத்தனார்.

"சூடேறி உள்ள பிடிச்சுக்கிரும். அப்புறம் துடுப்புதான்."

அவள் பயம் எனக்குத் தெரியும். முன்பு பார்க்க வந்த ஒரு இடத்தார் வழியில் வேன் டயர் வெடித்ததைத் தடங்கல் என்று சொல்லி அப்படியே திரும்பிவிட்டார்கள். இப்போது பெண்ணின் தாயும் தாய்மாமனும் நடுக்கடலில் நின்றுபோனார்கள் என்றால் என்ன சொல்வார்கள்?

என் வீட்டுக்காரர் மோட்டாரைத் தூக்கிச் சாய்த்தார். "ஏலே, என்னடா செய்யுது உனக்கு?" என்று அதனிடமே கேட்டார். தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடையில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். தண்ணீர் வரவில்லை. ஓட்டையைக் குத்திப் பார்க்கத் தகரப் பெட்டியில் மெல்லிய கம்பி தேடினார். ஸ்பானர் இருந்தது, பிளக் இருந்தது, கம்பி இல்லை. மாப்பிள்ளைக்குப் பல் குத்தக் குச்சி இல்லையா என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். நான் திரும்பி நின்று தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தேன்.

குத்தக் குத்தச் சேறு வந்தது. பிறகு ஒரு வெள்ளைப் புழு வந்தது. குளவிக் கூடு. மோட்டார் வீட்டில் சும்மா கிடந்த நாட்களில் குளவி உள்ளே கட்டியிருக்கிறது. வீட்டுக்குள் குளவி சுற்றியதை அவர் அப்போதே விரட்டப் போனார். குளவி கூடு கட்டினால் வீட்டில் நல்ல காரியம் நடக்கும், பிள்ளை பிறக்கும் என்று கையைப் பிடித்துத் தடுத்தவள் நாத்தனார்தான்.

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுல கட்டுனதச் சொன்னேன். மாப்பிள்ளை மூக்குக்குள்ளயா கட்டச் சொன்னேன்?" என்றாள். படகே சிரித்தது.

கயிற்றை இழுத்ததும் தண்ணீர் பீச்சி அடித்தது. யார் கேட்டாலும் நீரோட்டம் எதிர்த்ததால் தாமதம் என்றே சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அவள் எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கரையில் பெண் பார்க்க வந்தவர்களே வந்து நின்றார்கள். நாத்தனார் நனைந்த சேலையும் பாசிக்குக் கடலில் இறங்கும்போது போடும் ஆண்பிள்ளைச் சட்டையுமாக மூட்டைக்குப் பின்னால் குனிந்தாள். பையனின் அம்மா நேராகப் படகுக்கே வந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், மோட்டாருக்குள் குளவி கூடு கட்டியதையும் அதைக் குத்தி எடுத்ததையும் புழு உட்பட ஒப்பித்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாள் மோட்டாரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு, "பொண்ணு பாக்க வார அன்னைக்குக் குளவிக் கூடா? எம்புட்டு நல்லது. அதப் போய் உடைச்சுப்புட்டீகளே" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். பையனின் அப்பாதான் இவருக்குத் துணைக்கு வந்தார், அவரும் மோட்டார் வைத்திருப்பவர். இருவரும் அந்த ஓட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். காபி ஆறிப்போனது. வீட்டுக்குள் பெண்கள் நாங்களே பேசி முடித்து, வெற்றிலை மாற்ற மட்டும் அவர்களைக் கூப்பிட்டோம்.

இதை என் வீட்டுக்காரரிடம் காட்ட எனக்கு வெட்கம். மோட்டார் தெரிந்தவர்கள் யாராவது, ஓட்டை வலப்பக்கம்தானா, சல்லடையைப் பற்றி எழுதியது சரிதானா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். நீரோட்டப் பொய்யை யார் சொல்லச் சொன்னது என்பதை மட்டும் என் நாத்தனாரிடம் கேட்க வேண்டாம், பழியை என்மேல்தான் போடுவாள்.