தெல்மாவின் சமையலறை காணாமல் போனது

ஆர்லோ பிங்கம் நெப்ராஸ்காவில் மரச்சாமான் கடையில் இருந்தவர். அந்தக் கடையில் சவப்பெட்டியும் விற்பார்கள். அதனால் எதற்கும் பதறமாட்டார். 1934இல் ஹாலிவுட் வந்து எங்கள் ஸ்டுடியோவில் செட் அலங்காரத்தில் சேர்ந்தார். தச்சர்கள் சுவரை எழுப்பிவிட்டுப் போனபின், திரைச்சீலை முதல் சாம்பல் கிண்ணம் வரை கொண்டுவந்து வைத்து அதை வீடாக்குவது அவர் வேலை. சாமான்கள் ஏற்றும் லாரியை ஓட்டுவது என் வேலை.

ஒரு படத்தில் ஏழை விதவையின் சமையலறை. மூன்று முறை அமைத்தார். டைரக்டர் கால்டர் மூன்று முறையும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னய்யா இது, கடை ஷோகேஸ் மாதிரி இருக்கு! இங்க ஒரு முட்டையாவது பொரிச்சிருப்பாங்களா?"

ஆர்லோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மனைவி தெல்மா பசடீனாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

"லாரிய எடுப்பா," என்றார் என்னிடம்.

அவர் வீட்டுச் சமையலறையையே காலி செய்தோம். மேஜை, கெட்டில், கறை படிந்த திரைச்சீலை, கழுவாத வாணலி எல்லாம் செட்டுக்கு வந்தன. கால்டர் வாணலியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். படப்பிடிப்பு தொடங்கியது.

தெல்மா ஒரு நாள் முன்னதாகத் திரும்பிவிட்டாள். வெறும் சுவரைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டாள். வந்த போலீஸ்காரர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஹால்ல வெள்ளிச் சாமானெல்லாம் அப்படியே இருக்கு. கரிபிடிச்ச வாணலிய மட்டும் தூக்கிட்டுப் போற திருடன நான் பாத்ததில்லம்மா. உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?"

தெல்மாவுக்குப் புரிந்துவிட்டது. விதவையாக நடித்தவள் கண்ணீர் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில் விடுவிடுவென்று செட்டுக்குள் நுழைந்தாள்.

"ஆர்லோ! கழுவாத வாணலிய ஊருக்கே காட்டப் போறியா? என் மானமே போச்சு!" என்று கைக்குட்டையால் அதைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, அதத் தொடாதீங்கம்மா!" கால்டர் அலறினார். "இந்தப் படத்துல நெசமா இருக்கறது அது ஒண்ணுதான்!"

நடிகை அழுகையை நிறுத்திவிட்டு அவரை முறைத்தாள்.

படம் முடியும்வரை தெல்மாவுக்கு ஸ்டுடியோ கிடங்கிலிருந்து பிரெஞ்சு அரண்மனை மேஜை ஒன்றைக் கொடுத்தார்கள். ஐந்து வாரம் இருவரும் அதில்தான் ஓட்ஸ் கஞ்சி குடித்தார்கள்.

படம் ஓடவில்லை. பத்திரிகைகள் சமையலறையை மட்டும் புகழ்ந்தன. நெப்ராஸ்காவிலிருந்து மாமியார் தெல்மாவுக்குக் கடிதம் போட்டாள்: "கல்யாணத்துக்கு நான் குடுத்த வாணலிதானே அது? அதுக்கப்புறம் ஒரு தடவயாவது கழுவினியா?"

தெல்மா மூன்று நாள் ஆர்லோவோடு பேசவில்லை. பெரிய படங்களோ அவரைத் தேடி வர ஆரம்பித்தன. பல வருஷம் கழித்து விருதுப் பட்டியலிலும் பெயர் வந்தது. விருது கிடைக்கவில்லை. வேறொருவர் அதை வாங்கி மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆர்லோ எழுந்து போய் மேடை ஓரத்திலிருந்த பூச்சாடியை அரையடி நகர்த்திவிட்டு, நிம்மதியாக வந்து உட்கார்ந்தார்.